ஊசிக்கரை

செவ்வாய் ராத்திரி ஒன்பதே காலுக்கு
லீட்ஸிலிருந்து ஹெலன் எழுதியிருந்தாள்:
துணி என்னாச்சு, கப்பல் என்றைக்கு,
நாங்கள் எல்லோரும் டென்டர்ஹுக்ஸ் மேல் இருக்கிறோம்.

ஹுக்ஸ் என்றதும் எனக்குப் பகீரென்றது.
நாலாயிரத்து எண்ணூறு பீஸ், குழந்தைகள் டி-சர்ட்,
கழுத்தில் ரெண்டு பிரஸ் பட்டன், அவ்வளவுதான்.
டெக் பேக்கைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.
கொக்கி எங்கேயும் இல்லை.
ஸ்டோர் இளங்குமரனைத் தூக்கத்தில் எழுப்பினால்,
"டெண்டருங்களா? அது ரோடு போடறவங்க எடுக்கறதுங்க மேடம்.
கொக்கின்னா ஜாக்கெட் கொக்கி அரைக் கிலோ கெடக்குது,
துருப்புடிச்சது. கொண்டாரட்டுங்களா?"

அர்த்தம் பிறகு பார்த்தேன், போனில்,
பெருந்துறை போகிற கம்பெனி வேனில் உட்கார்ந்து:
இருப்புக் கொள்ளாமல் தவித்தல்.
அட, இதற்கா.
இதற்கு நம்மிடம் இல்லாத வார்த்தையா.
முள் மேல் நிற்பது, அனலில் விழுந்த புழு,
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது...
என் அம்மா மாதத்துக்கு ஆறு சொல்வாள்,
சீட்டுக்காரி போனை எடுக்காத நாளில் ஆறையும் ஒன்றாக.

கீழே பொடி எழுத்தில் இருந்தது கதை.
அந்தக் குளிர் தேசத்தில், மில்லெல்லாம் வருமுன்னே,
கம்பளியை நெய்து, அலசி, மிதித்து
ஈரம் சொட்டச் சொட்ட வயலுக்குத் தூக்கிப் போவார்களாம்.
வரப்பு நீளத்துக்கு மரச் சட்டம்.
சட்டம் முழுக்க வளைந்த ஆணி.
துணியின் இரண்டு கரையையும் ஆணியில் மாட்டி
இழுத்து விட்டுவிடுவார்கள் வெயிலுக்கு,
அவர்களுக்குக் கிடைத்த வெயிலுக்கு.
சட்டத்தின் பேர் டென்டர்.
நெஞ்சு அப்படி விறைத்து நின்ற யாரோ
முதலில் அந்தத் துணியைத் தன்னோடு ஒப்பிட்டிருக்க வேண்டும்.
நெய்தவனா, நெய்தவனுக்குக் கடன் கொடுத்தவனா,
அது போட்டிருக்கவில்லை.
விஜயமங்கலத்தில் வேன் குலுங்கியது.

டையிங்கில் துணி பாதி மெஷினில், பாதி டிராலியில், ஈரமாய்.
கரண்ட் போய் வந்து பர்னர் சூடேறிக்கொண்டிருந்தது.
ஆபரேட்டர் ராசுக்குட்டி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.
"ஜிஎஸ்எம் நூத்தி அறுவதுக்கு எறங்கிப் போச்சுங்.
அகலத்தை ரெண்டு இன்ச்சு கொறச்சு ஓட்டோணும்.
ரொம்ப இழுத்தம்னா வாஷுல சுருங்கிப்போகுமுங்,
அப்பறம் உங்க வெள்ளைக்காரம்மா என்னையத்தானுங் வையும்."

நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு பக்கமும் ஓடுகிற சங்கிலி,
சங்கிலி முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க ஊசி.
பிரஷ் சக்கரம் அழுத்த அழுத்தக்
கரை போய் ஊசியில் உட்கார்கிறது.
ஆறு வருஷமாய் நான் சொல்கிற பேர்தான்:
ஸ்டென்டர். ஸ்டென்டர் ஆச்சா. ஸ்டென்டரில் ஏறிருச்சா.
முன்னால் ஒரு ஸ்.
பங்காளியோ சம்பந்தியோ, யார் கண்டது.

தவிப்பை மட்டும் சொல்லாக வைத்துக்கொண்டு
ஊசியை இங்கே அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மணிக்குத் துணி இறங்கியது,
கல்லிலிருந்து எடுத்த தோசைச் சூட்டில்.
கரையைத் தடவிப் பார்த்தேன்.
எறும்புச் சாரை மாதிரி ஓட்டை,
முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை.
கட்டிங் மாஸ்டர் அதை மேசைக்கு விடமாட்டார்.
நாடாவாய் அறுபட்டு வேஸ்ட் மூட்டைக்குப் போகும்,
அங்கிருந்து பீளமேட்டு லேத் பட்டறைக்கு, கிரீஸ் துடைக்க.
ஹெலன் கையில் போய்ச் சேரும் சட்டையில்
ஓர் ஊசி ஓட்டைகூட இருக்காது.

நாங்களும் அதன் மேல்தான் இருக்கிறோம்,
எத்தனை ஊசி என்று எண்ணிச் சொல்லட்டுமா
என்று எழுதி, அழித்தேன்.
வெள்ளிக்கிழமை கப்பல், நன்றி, மோகனப்பிரியா.

கரையில் ஒரு முழம் கிழித்து எடுத்து வந்தேன்.
டிபன் கேரியருக்குக் கொண்டி போய் ரெண்டு மாசமாச்சு,
சுற்றிக் கட்ட ஆகும்.